தொண்டு நிறுவனங்களுக்கு உள்ளூரில் ஒரு வள மையம்: தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு துணிப்பை நிறைய ரசீதுகள். சிலவற்றில் எழுத்து மங்கிவிட்டது, சிலவற்றில் தேதியே இல்லை. எட்டு வருடமாகக் குழந்தைகளுக்கு மாலை வகுப்பு நடத்திவரும் ஒருவர் அந்தப் பையோடு வந்து உட்காருகிறார். பெரிய அறக்கட்டளை ஒன்று உதவத் தயாராக இருக்கிறது. கடைசி இரண்டு வருடத் தணிக்கைக் கணக்கு, நிர்வாகக் குழுவின் தீர்மானம், திட்டத்தின் பட்ஜெட் மூன்றையும் பதினைந்து நாளில் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். வேலை நன்றாக நடக்கிறது. குழந்தைகள் வருகிறார்கள், படிக்கிறார்கள். ஆனால் கேட்ட மூன்றில் ஒன்றுகூட அவரிடம் இல்லை. யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியவில்லை.

வள மையம் என்று நான் சொல்வது இவருக்கான இடத்தைத்தான். கட்டடமும் பெயர்ப்பலகையும் பயிற்சிக் கூடமும் அப்புறம் வரட்டும். ஒரு மேசை, விஷயம் தெரிந்த ஒரு ஆள், மாறாத நேரம் என்ற மூன்றும் இருந்தால் மையம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இந்தக் கட்டுரை முழுக்க நான் சுற்றிச் சுற்றி வரப்போவது அந்த மேசைக்குத்தான்.

இந்த யோசனை புதிதல்ல. 1956-இல் நியூயார்க்கில் ஃபவுண்டேஷன் சென்டர் என்ற நிறுவனம் தொடங்கியது. எந்த அறக்கட்டளை யாருக்கு எதற்காகப் பணம் கொடுக்கிறது என்ற தகவலைத் திரட்டிப் பொதுமக்கள் பார்க்க வைப்பதுதான் அதன் வேலை. 2019-இல் அது கைட்ஸ்டார் என்ற இன்னொரு தகவல் நிறுவனத்தோடு இணைந்து கேண்டிட் ஆனது. அது செய்தவற்றில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. எல்லா ஊரிலும் சொந்தமாகக் கிளை திறக்காமல், பொது நூலகங்களையும் உள்ளூர் அமைப்புகளையும் கூட்டாளிகளாகச் சேர்த்து, அங்கேயே தன் தகவல்களைக் கிடைக்கச் செய்தது. பிரிட்டனிலும் ஊருக்கு ஊர் தன்னார்வ அமைப்புகளுக்கான உதவி மன்றங்கள் பல காலமாக இயங்குகின்றன. தகவல் கிடைப்பது அரிதாக இருந்த காலத்தில் நூலகம் போன்ற மையம் போதுமானதாக இருந்தது. இன்று தகவல் கைபேசியிலேயே கொட்டிக் கிடக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, "சரி, அந்த ரசீதை எடுங்கள், முதலில் இதைப் பார்ப்போம்" என்று சொல்லும் ஆள்தான் கிடைப்பதில்லை.

இடம் தேடும் முன் இருபது பேரைப் பாருங்கள்

முதல் இரண்டு மாதம் வாடகைக்கு இடம் பார்க்க வேண்டாம். உங்கள் பகுதியில் உள்ள அமைப்புகளைப் பட்டியலிடுங்கள். பதிவு செய்யப்பட்டவை மட்டுமல்ல, பதிவே இல்லாத இளைஞர் குழு, முதியோருக்கு உதவும் நாலு பேர், ஏரியைச் சுத்தம் செய்பவர்கள் என எல்லாரும் அதில் இருக்கட்டும். இருபது அமைப்புகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போங்கள். நீங்கள் கூப்பிட்டு அவர்கள் வந்தால் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நல்ல விஷயங்களை மட்டும் சொல்வார்கள். அவர்கள் இடத்துக்குப் போனால் அலமாரி தெரியும்.

"உங்களுக்கு என்ன பயிற்சி வேண்டும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். இந்தக் கேள்விக்கு எல்லாரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: நிதி திரட்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுங்கள். அதை நம்பி ஒரு நிதி திரட்டும் பயிற்சி நடத்துவீர்கள், கூட்டம் வரும், ஒன்றும் மாறாது. பணம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் கணக்கு ஒழுங்காக இல்லாததோ, குழு கூடாததோ, செய்த வேலையை எழுதி வைக்காததோதான். அதனால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

போன மாதம் உங்களைத் தூங்கவிடாமல் செய்த விஷயம் எது? நீங்கள் மூன்று மாதம் படுத்துவிட்டால் இங்கே என்ன நிற்கும், என்ன ஓடும்? நிர்வாகக் குழு கடைசியாகக் கூடியது எப்போது, அன்று என்ன முடிவு எடுத்தது? வங்கிக் கணக்கில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கெல்லாம் தெரியும்? கடைசியாக வேலையை விட்டுப் போனவர் எதனால் போனார்?

கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அறிவுரை சொல்ல நாக்கு துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் ரொக்கப் புத்தகத்தையும் தீர்மானப் புத்தகத்தையும் காட்டச் சொல்லலாம். காட்ட விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள், அதுவும் ஒரு பதில்தான். இருபது இடம் முடிந்ததும் குறிப்புகளைப் பரப்பி வைத்துப் பாருங்கள். ஒரே குறை எத்தனை இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணுங்கள். முதல் வருடம் மையம் செய்ய வேண்டிய வேலைகள் அந்த எண்ணிக்கையில் தெரிந்துவிடும். மூன்றுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

யாருடைய குடையின் கீழ்?

மையத்துக்கென்று உடனே ஒரு புது நிறுவனத்தைப் பதிவு செய்யும் ஆசை வரும். ஒரு வருடமாவது தள்ளிப்போடுங்கள் என்பேன். பதிவு, வங்கிக் கணக்கு, தணிக்கை, புது நிர்வாகக் குழு என்று முதல் வருடம் முழுவதும் உங்கள் சொந்தக் காகிதத்திலேயே கரைந்துபோகும். ஏற்கெனவே நல்ல பெயரோடு இருக்கும் ஒரு நூலகமோ கல்லூரியோ அமைப்புகளின் கூட்டமைப்போ இடம் கொடுத்தால் அதன் கீழ் தொடங்கலாம். என்னைக் கேட்டால் பொது நூலகம்தான் முதல் தேர்வு. அங்கே யார் வந்தாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்ற நம்பிக்கை அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

சமூக அறக்கட்டளை இருக்கும் இடங்களில் அதன் கீழ் தொடங்குவதும் உண்டு. ஒரு ஊர்க்காரர்கள் சேர்ந்து நிரந்தர நிதி ஒன்றை உருவாக்கி அந்த ஊர்த் தேவைகளுக்கே செலவிடும் இந்த முறையை 1914-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் ஃப்ரெடெரிக் காஃப் என்ற வங்கியாளர் தொடங்கினார். பிறகு அது பல நாடுகளுக்குப் பரவியது. இத்தகைய அறக்கட்டளையிடம் பணமும் தொடர்புகளும் இருக்கும். ஆனால் ஒரு சிக்கலும் சேர்ந்தே வரும். காசோலை எழுதுபவரிடம் யாரும் தன் பலவீனத்தைச் சொல்வதில்லை. "எங்கள் கணக்கு ஆறு மாதமாக எழுதப்படவில்லை" என்று நிதி கொடுப்பவரின் அலுவலகத்தில் வந்து சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? எனவே அறக்கட்டளையின் கீழ் இருந்தால், மேசையில் பேசியது எதுவும் நிதி வழங்கும் பிரிவுக்குப் போகாது என்பதை எழுத்தில் வைத்து, அந்தக் காகிதத்தை வருபவர் கையில் கொடுக்க வேண்டும்.

இதே கண்டிப்பு இன்னொரு விஷயத்திலும் தேவை. மையம் தான் உதவும் அமைப்புகளோடு பணத்துக்குப் போட்டி போடக் கூடாது. அவர்கள் விண்ணப்பிக்கும் திட்ட நிதிக்கு மையமும் விண்ணப்பித்தால், அடுத்த நாளிலிருந்து யாரும் தங்கள் பட்ஜெட்டை எடுத்துக்கொண்டு வரமாட்டார்கள். மையம் நேரடியாகக் குழந்தைகளுக்கு வகுப்பு எடுக்காது, மரம் நடாது, மருத்துவ முகாம் நடத்தாது என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்திட்டுவிடுங்கள்.

மேசை

இடம் என்று பார்த்தால் ஒரு அறை போதும். ஆனால் மூடக்கூடிய கதவு இருக்க வேண்டும். மனதில் உள்ளதைச் சொல்ல வருபவர்களுக்குப் பெரிய கூடத்தைவிட அந்தக் கதவுதான் முக்கியம். ஒரு பிரின்டர், ஒரு ஸ்கேனர், இரண்டு கணினி, நல்ல வெளிச்சம், கோப்புகளைப் பரப்பும் அளவுக்கு அகலமான மேசை. வாரத்தில் மூன்று நாள் என்றால் மூன்று நாள், அதில் ஒன்றாவது மாலை நேரமாக இருக்கட்டும். சிறிய அமைப்புகளை நடத்துபவர்களில் பலர் பகலில் வேறு வேலைக்குப் போகிறவர்கள். நேரத்தை மட்டும் அடிக்கடி மாற்றாதீர்கள். ஒருமுறை வந்து பூட்டிய கதவைப் பார்த்தவர் மறுபடி வர ஆறு மாதம் ஆகும்.

ஒருங்கிணைப்பாளராக யாரை வைப்பது? பட்டத்தைவிட, ஒரு சின்ன அமைப்பை நடத்திய அனுபவம் இருக்கிறதா என்று பாருங்கள். மாதக் கடைசியில் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் விழித்தவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் புரியும். அவரோடு, வாரத்தில் இரண்டு நாளாவது வரும் ஒரு கணக்காளர் வேண்டும். சட்டம், கணினி, பணியாளர் விவகாரம் போன்றவற்றுக்குத் தன்னார்வலர்கள் போதும். ஆனால் அவர்களை நேராக மேசையில் உட்கார வைக்க வேண்டாம். பெரிய கம்பெனியில் வேலை பார்த்த திறமைசாலி ஒருவர் வந்து, ஆறு பேர் கொண்ட அமைப்புக்கு நாற்பது பக்கக் கொள்கை ஆவணம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அதை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். முதல் சில முறை ஒருங்கிணைப்பாளர் பக்கத்தில் இருக்க, தன்னார்வலர் கேட்டுப் பழகட்டும்.

இனி மேசையில் நடக்கும் வேலைக்கு ஒரு உதாரணம். பையோடு வந்தவரையே எடுத்துக்கொள்வோம். ரசீதுகளை மாதவாரியாகப் பிரித்து, ரொக்கப் புத்தகம் எழுதி முடித்தாயிற்று. மாதக் கடைசியில் அவருடைய புத்தகத்தின்படி வங்கியில் 48,200 இருக்க வேண்டும். வங்கி அறிக்கையோ 53,700 என்கிறது. 5,500 கூடுதல். அவர் முகத்தில் ஒரு பயம். பணம் அதிகமாக இருப்பதும் குறைவாக இருப்பதைப் போலவே அச்சம் தரும், எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்றுதானே தோன்றும்?

ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வருகிறோம். புத்தகத்தில் இருக்கிறது, வங்கியிலும் இருக்கிறது, டிக். கடைசியில் டிக் விழாதவை மூன்று. ஆசிரியர் ஒருவருக்குக் கொடுத்த 4,000-க்கான காசோலையை அவர் இன்னும் வங்கியில் போடவில்லை. அச்சகத்துக்குக் கொடுத்த 2,000-மும் அப்படியே. அப்புறம் வங்கி எடுத்துக்கொண்ட சேவைக் கட்டணம் 500, இது புத்தகத்தில் ஏறவே இல்லை. கட்டணத்தைப் புத்தகத்தில் எழுதினால் 48,200 என்பது 47,700 ஆகிறது. வங்கித் தொகையிலிருந்து இன்னும் போடாத இரண்டு காசோலையையும் கழித்தால் 53,700 என்பதும் 47,700. இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இதற்கு வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று பெயர். பள்ளியிலேயே கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் தன் சொந்தப் புத்தகத்தில், தன் சொந்தப் பென்சிலால் அந்த இரண்டு எண்களும் ஒன்றாவதைப் பார்க்கும்போது ஒருவர் நிமிர்ந்து உட்காருவதை நீங்கள் பார்க்க வேண்டும். பென்சில் அவர் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம். நாம் பிடுங்கிச் செய்தால் அரை மணியில் முடியும், ஆனால் அடுத்த மாதமும் அவர் பையோடு வருவார். அவர் செய்தால் இரண்டு மணி நேரம் ஆகும். அடுத்த மாதம் பட்டியலை முடித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் போன் செய்வார்.

அன்று அவர் கிளம்பும் முன் இன்னும் இரண்டு பழக்கங்களைச் சொல்லிவிடலாம். பணத்தை வாங்குபவரும் அதைப் புத்தகத்தில் எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். காசோலையில் இருவர் கையெழுத்து இருக்கட்டும், ஆனால் இருவரில் ஒருவர் தொகை நிரப்பாத வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைப்பது மட்டும் கூடாது. ஆள் குறைவு என்பார்கள். அப்படியென்றால் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து வங்கி அறிக்கையைப் பிரித்துப் பார்த்துக் கையெழுத்திடட்டும். நம்பிக்கை இல்லை என்பதற்காகச் சொல்வதல்ல இது. நாளைக்கு யாராவது ஒரு வார்த்தை சொன்னால், நேர்மையாக இருந்தவரைக் காப்பாற்றப் போவது இந்தக் கையெழுத்துதான்.

சில சமயம் மேசையில் வேறு மாதிரியான கணக்கு வெளிப்படும். பணம் உண்மையிலேயே காணாமல் போயிருக்கும். இதற்கு மையம் என்ன செய்யும் என்பதை அப்படி ஒரு நாள் வரும் முன்பே தீர்மானித்து எழுதி வைக்க வேண்டும். நாம் போலீஸ் அல்ல, தணிக்கையாளரும் அல்ல. அதே நேரம் மூடி மறைக்கவும் துணை போக முடியாது. எங்கள் பரிந்துரை: கண்டுபிடித்ததை அவர்களுடைய நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள், அந்தக் கூட்டத்துக்கு வேண்டுமானால் துணைக்கு வருகிறோம் என்று சொல்லுங்கள், தகுதியுள்ள ஆடிட்டரிடமும் வழக்கறிஞரிடமும் அனுப்புங்கள். ரகசியம் காப்போம் என்ற உறுதிமொழிக் காகிதத்திலேயே, சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்திலும் யாருக்காவது ஆபத்து இருக்கும் இடத்திலும் இது பொருந்தாது என்ற வரியும் இருக்கட்டும்.

தலைவர்களுக்கு ஒரு வட்டம்

அமைப்பை நடத்துபவரின் தனிமை வெளியே தெரியாது. கீழே இருப்பவர்களிடம் பணம் இல்லை என்று சொன்னால் பயந்துவிடுவார்கள். குழுவிடம் சொன்னால் திறமை இல்லை என்று நினைப்பார்கள். நிதி கொடுப்பவரிடம் சொல்லவே முடியாது. அதனால் மேசைக்கு அடுத்தபடியாக மையம் செய்யக்கூடிய பெரிய உதவி, இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச ஒரு இடம் கொடுப்பது.

இதற்கு நல்லதொரு முறை இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த ரெக் ரெவன்ஸ், 1940-களில் நிலக்கரிச் சுரங்க மேலாளர்களோடு வேலை செய்தபோது, வெளியிலிருந்து நிபுணர்களைக் கொண்டுவருவதைவிட மேலாளர்களையே சிறு குழுக்களாகக் கூட்டித் தங்கள் உண்மையான சிக்கல்களை ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டு அலசச் செய்தார். செயல்வழிக் கற்றல் என்று இன்று பல துறைகளில் பயன்படும் முறைக்கு அதுதான் வேர்.

ஆறிலிருந்து எட்டுப் பேர். மாதம் ஒருமுறை, இரண்டரை மணி நேரம். ஒரு வருடத்துக்கு அதே ஆட்கள், நடுவில் புதியவர்களைச் சேர்ப்பதில்லை. ஒரே பணத்துக்குப் போட்டி போடும் இரண்டு அமைப்புகளை ஒரே வட்டத்தில் வைக்காதீர்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு பேர் தங்கள் சிக்கலை வைக்கிறார்கள். மற்றவர்கள் முதல் அரை மணி நேரம் கேள்வி மட்டும் கேட்கலாம், அறிவுரை கூடாது. "நான் இப்படித்தான் செய்தேன்" என்று யாராவது ஆரம்பித்தால் நடத்துபவர் கையை உயர்த்தி நிறுத்த வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு எதற்கு என்று முதல் கூட்டத்தில் எல்லாரும் எரிச்சல்படுவார்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். "எங்கள் நிர்வாகக் குழு கூட்டத்துக்கு யாருமே வருவதில்லை, அக்கறை இல்லாதவர்கள்" என்று ஒருவர் ஆரம்பிக்கிறார். அறிவுரைக்கு இடம் கொடுத்தால் ஆளை மாற்றுங்கள், நாளை மாற்றுங்கள் என்று பத்து யோசனை கொட்டும். அதற்குப் பதில் ஒருவர் கேட்கிறார்: "கடைசியாக அவர்கள் வந்தபோது என்ன முடிவு எடுத்தார்கள்?" கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "முடிவு என்று ஒன்றும் இல்லை, நான் நடந்ததைச் சொன்னேன், கேட்டுவிட்டுப் போனார்கள்." இன்னொருவர்: "அவர்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நீங்கள் நிறுத்தியிருப்பீர்களா?" அங்கே விஷயம் வேறு பக்கம் திரும்புகிறது. வராதவர்களைப் பற்றிய புகார், அவர்களுக்கு வேலையே வைக்காத கூட்டத்தைப் பற்றிய யோசனையாக மாறுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் பட்ஜெட்டை முன்கூட்டியே அனுப்பி, இரண்டு விஷயங்களில் குழுவின் முடிவைக் கேட்பது என்று அவரே தீர்மானிக்கிறார். அடுத்த மாதம் வந்து என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும், அது கட்டாயம்.

வட்டத்தில் தவறாமல் வரும் இன்னொரு விஷயம், நிறுவனரையே நம்பி நிற்கும் அமைப்பு. நன்கொடையாளர்களின் எண்கள் ஒருவர் கைபேசியில், கடவுச்சொற்கள் ஒருவர் தலையில், எல்லாக் கையெழுத்தும் ஒருவருடையது. அடுத்த தலைமை யார் என்ற பேச்சை எடுத்தால் மனம் புண்படும். பெரிய பேச்சு வேண்டாம், ஒரு பக்கக் காகிதத்தில் தொடங்கலாம். மூன்று மாதம் நீங்கள் வர முடியாமல் போனால் வங்கிக்கு யார் போவது, சம்பளம் யார் போடுவது, எந்தெந்த அறிக்கை எந்தத் தேதியில் யாருக்குப் போக வேண்டும், சாவியும் ஆவணங்களும் எங்கே இருக்கின்றன? இதை எழுதி இருவரிடம் கொடுத்துவிட்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எழுதும்போதே, யாரைத் தயார் செய்ய வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

வகுப்புகள்

வகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அரை நாளுக்கு மேல் வேண்டாம், தங்கள் சொந்தக் காகிதங்களோடு வர வேண்டும், ஒரு அமைப்பிலிருந்து இரண்டு பேர் வர வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால், கற்றது அவரோடு அடுத்த வேலைக்குப் போய்விடும். வகுப்பு முடிந்த முப்பது நாளுக்குள் ஒருமுறை மேசைக்கு வரவைத்துவிடுங்கள்.

எதை முதலில் நடத்தலாம் என்று கேட்டால், ஒரு திட்டத்தின் முழுச் செலவைக் கணக்கிடுவதைச் சொல்வேன். நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால்தான் நல்ல அமைப்பு என்று பல நன்கொடையாளர்கள் நம்புகிறார்கள். அதற்குப் பயந்து அமைப்புகள் வாடகை, கணக்காளர், பழுதுபார்ப்பு எல்லாவற்றையும் பட்ஜெட்டில் குறைத்துக் காட்டுகின்றன. அதைப் பார்த்து நன்கொடையாளர் இன்னும் குறைவாக எதிர்பார்க்கிறார். இந்தச் சுழலைப் பட்டினிச் சுழற்சி என்றே இத்துறையில் சொல்கிறார்கள். அமைப்பு உள்ளிருந்து மெலிந்துகொண்டே போகிறது.

கணக்கு எளிதுதான். ஒரு அமைப்பு இரண்டு திட்டம் நடத்துகிறது. நேரடிச் செலவு ஒன்றுக்கு 6,00,000, இன்னொன்றுக்கு 3,00,000. வாடகை, மின்சாரம், கணக்காளர், தணிக்கை எல்லாம் சேர்த்துப் பொதுச் செலவு 1,80,000. நேரடிச் செலவின் விகிதத்தில் பிரித்தால் முதல் திட்டத்துக்கு 1,20,000, இரண்டாவதற்கு 60,000. ஆக இரண்டாவது திட்டத்தின் உண்மையான செலவு 3,60,000. அதற்கு 3,00,000 மட்டும் தரும் நன்கொடையை ஏற்றால், மீதி 60,000 எங்கிருந்து வரும் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தே ஏற்கலாம், தெரியாமல் ஏற்பதுதான் ஆபத்து.

இதற்கு அடுத்தபடியாக, குறிப்பிட்ட நோக்கத்துக்கு வந்த பணத்தை வேறு செலவுக்கு எடுப்பதைப் பற்றிப் பேசுங்கள். "அடுத்த மாதம் வைத்துவிடலாம்" என்று எடுத்த பணத்தால் விழுந்த அமைப்புகள் உண்டு.

மாதிரிகளும் மென்பொருளும்

மாதிரித் தீர்மானம், பணி நியமனக் கடிதம், குழந்தைகள் பாதுகாப்புக் கொள்கை, வவுச்சர் படிவம், ஆண்டறிக்கை ஆகியவற்றை ஒரு அலமாரியிலும் ஒரு பொதுக் கோப்புறையிலும் வையுங்கள். மக்கள் அன்றாடம் பேசும் மொழியிலேயே அவை இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரியிலும் அவர்களே நிரப்ப வேண்டிய இடங்களை மஞ்சள் நிறத்தில் காட்டுங்கள். அப்படியே நகல் எடுத்த கொள்கையில் வேறொரு அமைப்பின் பெயர் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

மென்பொருளுக்குப் பெரிய செலவு தேவையில்லை. அலுவலக வேலைக்கு லிப்ரே ஆபீஸ், கணக்குக்கு க்னூகேஷ், களத்தில் தகவல் சேகரிக்க கோபோடூல்பாக்ஸ் போன்றவை இருக்கின்றன. 1987-இல் கம்ப்யுமென்டர் என்ற பெயரில் தொடங்கிய டெக்சூப், தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்குக் கம்பெனிகளின் மென்பொருளை நன்கொடையாகவோ குறைந்த கட்டணத்திலோ பெற்றுத் தருகிறது. அதற்கு விண்ணப்பிக்க மேசையில் உதவலாம். கையால் ரொக்கப் புத்தகம் ஒழுங்காக எழுதத் தெரிந்த பிறகே கணினிக்கு மாற்றுங்கள்.

மையத்துக்கான பணம்

மையமும் பட்டினிச் சுழற்சியில் மாட்டக்கூடியதுதான். நேரடியாகப் பசியையோ நோயையோ தீர்க்காத வேலைக்குப் பணம் கேட்பது கடினம். தொடங்கும் முன்பே இரண்டு மூன்று வருடத்துக்கு உறுதி தரும் ஒருவராவது வேண்டும். நூலகமோ கல்லூரியோ தரும் இடத்தையும் மின்சாரத்தையும் பண மதிப்பில் கணக்கிட்டுப் பட்ஜெட்டில் காட்டுங்கள். சிறிய அமைப்புகளுக்கு மேசை இலவசம். பெரிய அமைப்புகளிடம் ஆண்டு வரவுசெலவின் அளவைப் பொறுத்துப் படிப்படியான கட்டணம் வாங்கலாம், வகுப்புகளுக்கும் அப்படியே. நிதி கொடுப்பவர்கள் தாங்கள் உதவும் அமைப்புகளை மொத்தமாக அனுப்பிக் கட்டணம் செலுத்துவதும் நடக்கும், வரவேற்கலாம். ஆனால் யாரை அனுப்பினாலும் கதவுக்குள் பேசியது வெளியே போகாது என்ற விதி அவர்களுக்கும் பொருந்தும்.

எதை எண்ணுவது

"இந்த வருடம் 400 பேருக்குப் பயிற்சி அளித்தோம்" என்று எழுதுவது சுலபம். அந்த எண் எதையும் சொல்வதில்லை. வரும் ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு பக்கத் தாள் வைத்துக்கொண்டு, வந்த அன்றும் பன்னிரண்டு மாதம் கழித்தும் அதே கேள்விகளைக் கேளுங்கள். ஒவ்வொரு மாதமும் வங்கியோடு கணக்குச் சரிபார்க்கப்படுகிறதா? நிர்வாகக் குழு எத்தனை முறை கூடி, எத்தனை முடிவு எடுத்தது? புதுப் பணம் வராவிட்டால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கும்? மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வருகிறதா? தலைவருக்கு மூன்று மாதக் காகிதம் இருக்கிறதா? மாறாததையும் அப்படியே அறிக்கையில் எழுதுங்கள். ஏன் மாறவில்லை என்று தேடும்போதுதான், நம் வகுப்பின் நேரம் தப்பு, நம் படிவம் நீளம், நம் ஆள் அவசரக்காரர் என்பதெல்லாம் தெரியவரும்.

மூட நினைப்பவர்கள் வந்தால்

யாரும் திட்டமிட்டு வைக்காத, ஆனால் கட்டாயம் வரும் ஒரு வேலை இது. ஒரு நாள் ஒருவர் வந்து, "இனி முடியவில்லை, நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன்" என்பார். உடனே தைரியம் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். சில அமைப்புகள் தங்கள் வேலையை முடித்துவிட்டன, சில அமைப்புகள் பக்கத்து அமைப்போடு சேர்ந்தால் இன்னும் நன்றாக நடக்கும். அவர் களைப்பில் பேசுகிறாரா, யோசித்துப் பேசுகிறாரா என்று முதலில் கேளுங்கள். களைப்பென்றால் இரண்டு மாத ஓய்வுக்கு வழி பார்க்கலாம். யோசித்த முடிவென்றால், நல்லபடியாக மூடுவதற்கும் மேசை இருக்கிறது. சேவை பெறுபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, அவர்களை ஏற்கும் வேறு அமைப்பைக் கண்டுபிடித்துக் கைமாற்றுவது முதல் வேலை. பணியாளர்களின் பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்து, அவர்களுக்கு அனுபவச் சான்றிதழும் எழுதிக் கொடுக்க வேண்டும். குறிப்பிட்ட நோக்கத்துக்கு வந்து மீதமுள்ள பணத்தைக் கொடுத்தவரிடம் கேட்டுத் திருப்புவது அல்லது மாற்றுவது, பிறகு குழுவின் தீர்மானம், இறுதித் தணிக்கை, பதிவு அலுவலகத்துக்கும் வங்கிக்கும் கடிதம். கணக்குப் புத்தகங்களைச் சட்டம் சொல்லும் காலம் வரை யார் வைத்திருப்பது என்றும் முடிவு செய்ய வேண்டும். வேறு யாரும் இல்லையென்றால் அந்தப் பெட்டியை மையத்தின் அலமாரியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

அவரையும் மறந்துவிடாதீர்கள். பத்து வருடம் ஒரு அமைப்பை நடத்தியவர். கொஞ்ச நாள் கழித்து, வாரத்தில் ஒரு மாலை மேசையின் இந்தப் பக்கம் உட்கார வருகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.